தூரத்து ஆய்வகமும் எங்கள் தாழ்வாரமும்

ஒன்பதாம் வகுப்பில் உணரிகளைப் பற்றிப் பேசியபோது ஒரு மாணவி கேட்டாள்: "சார், நூறு உணரி வெச்சு ஆராய்ச்சி பண்ணணும்னா ஒவ்வொருத்தரும் நூறு வாங்கணுமா?"

வேண்டியதில்லை. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 'மோட்லேப்' என்ற பொது ஆய்வுத்தளம் இதற்காகவே அமைக்கப்பட்டது. ஒரே கட்டடத்தின் மூன்று தளங்களில் 190 சிறு கருவிகள் வரை இருந்தன. ஒவ்வொன்றிலும் வெப்பம், ஒளி, ஈரப்பதம் அளக்கும் உணரிகள், ஒரு ரேடியோ, வெறும் 10 கிலோபைட் நினைவகம். வெளியூர் ஆய்வாளர் இணையம் வழியாகப் பதிவு செய்து, நேரம் ஒதுக்கிக்கொண்டு, தம் நிரலை அனுப்புவார். அது கருவிகளில் ஏற்றப்பட்டு ஓடும். நேரம் முடிந்ததும் தரவு அவருக்கு, கருவிகள் அடுத்தவருக்கு.

கணினியில் மாதிரி ஓட்டிப் பார்த்தால் போதாதா? போதாது. சுவரும் ஆள் நடமாட்டமும் அலைகளைக் குலைக்கும். 'அ' சொல்வது 'ஆ'வுக்குக் கேட்கும். 'ஆ' சொல்வது 'அ'வுக்குக் கேட்காமல் போகும். கணினி மாதிரிகள் பெரும்பாலும் இதை எளிமையாக்கிவிடும்.

இதை மாணவர்களுக்கு உணர்த்த 12 பேரைத் தாழ்வாரத்தில் இரண்டடி இடைவெளியில் நிறுத்தினேன். கடைசி மாணவன் வெப்பமானியைப் பார்த்து அளவைக் கிசுகிசுக்க வேண்டும். அது கைமாறி என்னிடம் வர வேண்டும். 'இரண்டு முறை சொல்' என்ற விதியையும் அதே கிசுகிசுப்பிலேயே அனுப்பினேன். அதுதான் என் தவறு. 31 என்பது 36 ஆக வந்தது. மாறியது அளவா, விதியா? யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் விதியைத் துண்டுச்சீட்டில் எழுதி ஒவ்வொருவருக்கும் கொடுத்தேன். கேட்டதையும் சொன்னதையும் அதிலேயே குறிக்கச் சொன்னேன். சீட்டுகளை வரிசையாக வைத்ததும், ஏழாமவனிடம் எண் மாறியது தெரிந்தது. அவன் நின்றது குடிநீர்க் குழாயருகில்.

மோட்லேப்பிலும் இதே ஏற்பாடுதான் இருந்தது. ஒவ்வொரு கருவிக்கும் ஈதர்நெட் கம்பி இருந்தது. நிரல் போனதும் பதிவுகள் வந்ததும் கம்பியில். சோதனை மட்டும் ரேடியோவில். கம்பியில்லா ஆய்வுக்குக் கம்பி எதற்கு என்று கேட்டபோது, அந்த ஏழாமவனே தன் சீட்டைத் தூக்கிக் காட்டினான்.

செய்து பார்க்க 20 நிமிடம் போதும். பிள்ளைகள் கத்த ஆரம்பித்தால் மட்டும் விட்டுவிடாதீர்கள். கருவியின் ரேடியோவுக்கும் ஆற்றல் வரம்பு உண்டு.