பிள்ளைகளுக்காக அழுத தாய்



"சாமி, பையன் பத்தாம் வகுப்புக்கு வந்ததிலிருந்து பூசைக்கு வரமாட்டேன் என்கிறான், கண்டித்தால் எதிர்த்துப் பேசுகிறான்" என்று கண்கலங்கும் தாய்மார் நம்மிடையே பலருண்டு. ஆகஸ்டு 27-ல் நாம் திருநாள் கொண்டாடும் அர்ச். மோனிக்கம்மாளும் அவ்வாறு கலங்கிய தாயே.

அவர் மகன் அகுஸ்தீன் 354-ம் ஆண்டில், இன்றைய அல்ஜீரியாவிலுள்ள தகாஸ்தே என்னும் ஊரில் பிறந்தார். பதினாறாம் வயதில், மேற்படிப்புக்குத் தந்தை பணம் சேர்க்கும்வரை, வீட்டில் சும்மாயிருந்தார். அப்போதுதான் தீய தோழரோடு கூடி, பசியில்லாமலே பிறர் மரத்துப் பேரிக்காய்களைத் திருடினார். தாய் சொன்ன புத்தியைப் பெண்பிள்ளைப் பேச்சென்று தள்ளினார்.

இதிலே பெற்றோருக்குப் பாடம் மூன்று.

முதலாவது: படிப்பே பெரிதென்று எண்ணாதீர்கள். தம் பெற்றோர் இருவருமே கல்வியின்மேல் அளவுமீறி ஆசைவைத்தனர் என்று அகுஸ்தீனே பிற்காலத்தில் எழுதினார். அர்ச்சியசிஷ்டவளான தாயும் இதில் தவறினாள்! டியூஷனுக்காக ஞாயிறு ஞானோபதேச வகுப்பை நிறுத்தும் நாம் யோசிக்க வேண்டாமா?

இரண்டாவது: கதவை அடைக்காதீர்கள். மகன் மனிக்கேயர் என்னும் பதிதரோடு சேர்ந்தபோது, மோனிக்கம்மாள் அவரோடு ஒரே வீட்டில் உண்ணவும் மனமில்லாதிருந்தாள். பின்பு கனவொன்றில் ஆறுதல் பெற்று, மீண்டும் சேர்த்துக்கொண்டாள். தப்பறையை ஏற்கவில்லை, பிள்ளையை ஏற்றாள்.

மூன்றாவது: தர்க்கத்தைவிட ஜெபத்தை நம்புங்கள். மகனோடு வாதாடும்படி ஓர் மேற்றிராணியாரைக் கெஞ்சினாள். அவரோ மறுத்து, மகனுக்காக மன்றாடும்படி மட்டும் சொல்லி அனுப்பினார். ஆண்டுகள் பல சென்றன. தாயின் கண்ணீர் நிற்கவில்லை. 387-ம் ஆண்டு, பாஸ்கு திருவிழிப்பில், மிலான் நகரில் அர்ச். அம்புரோசியார் கையால் அகுஸ்தீன் ஞானஸ்நானம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 32. அதே ஆண்டில் தாய் நிம்மதியாய்க் கண்மூடினாள்.

பெற்றோரே, விதைப்பது நம் கடமை. விளைவிப்பது தேவ இஷ்டப்பிரசாதம். அது நம் அவசரத்துக்கு வேலை செய்வதில்லை. ஆனால் வேலை செய்யாமலும் இருப்பதில்லை.

இவ்வாரத் தீர்மானம்: இரவு ஜெபமாலையில் ஒரு பத்து மணியைப் பிள்ளையின் பேரைச் சொல்லி ஒப்புக்கொடுங்கள். பிறகு அவனோடு அமர்ந்து சாப்பிடுங்கள். அந்நேரம் மார்க்கைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம்.

உங்கள் பங்குக் குரு