அரிவாளுக்குப் புதுப்பிடி இடும் முறை

தென்னையும் வாழையும் பயிரிடும் அங்கத்தினர் இல்லங்களில் வெட்டரிவாள் இல்லாத இல்லம் இராது. நெசவாளர் குடும்பங்களிலும் விறகு பிளக்கவும் மட்டை சீவவும் அது வேண்டியிருக்கிறது. அதன் வாயைத் தீட்டுவதில் நாம் காட்டும் அக்கறையில் பாதியைக்கூடப் பிடியில் காட்டுவதில்லை. பிடி ஆடத் தொடங்கினால் கந்தையைச் சுற்றுகிறோம். அல்லது இரவு முழுவதும் தொட்டி நீரில் போட்டு வைக்கிறோம். காலையில் பிடி இறுகியிருக்கும், வேலையும் நடக்கும். அபாயம் இவ்வழக்கத்தில்தான் இருக்கிறது.

மரம் நீரை உறிஞ்சினால் பருக்கும். ஆனால் வெளியே பூணும் உள்ளே இரும்பும் தடுப்பதால், பருக்க இடமின்றித் துளையோரத்து நார்கள் நசுங்குகின்றன. நசுங்கிய நார் உலர்ந்த பின்னர் பழைய அளவுக்கு மீள்வதில்லை. ஆகவே இரண்டு நாள் வெயில் பட்டதும் துளை முன்னிலும் அகன்றுவிடுகிறது, துருவும் சேர்கிறது. இவ்வாறு பலமுறை நனைத்த அரிவாளை ஓங்கி நான் ஒருநாள் மட்டை வெட்டினேன். பிடி கையில் நின்றது; அலகு பத்தடி தள்ளி வரப்பில் குத்தி நின்றது. அவ்விடத்தில் நீர் பாய்ச்சிக்கொண்டிருந்த என் தம்பி மடை திருப்புவதற்காக அப்போதுதான் நகர்ந்திருந்தான். இவ்வேலையை ஒழுங்காகக் கற்றுக்கொண்டது அதன் பிறகே.

பழைய பிடியை அடுப்பில் இட்டு எரித்து நீக்குவது பலருக்கும் பழக்கம். அது கூடாது. கொல்லர் அலகுக்கு ஏற்றிய பதம் வெப்பத்தால் இறங்கிவிடும். எஃகு ஏறத்தாழ 230 டிகிரியில் வைக்கோல் நிறமும், 300 டிகிரியை நெருங்கும்போது நீல நிறமும் கொள்ளும். வாயருகே நீலம் கண்டால் கூர் நில்லாது. உளியால் நார்ப்போக்கில் பிளந்தெடுப்பதே முறை. பின்னர், பிடிக்குள் செருகியிருந்த வாலைத் துரு நீங்கத் தேய்த்துப் பார்க்க வேண்டும். அது அலகோடு சேரும் இடத்தில் விரிசல் இருந்தால் புதுப்பிடி இட்டுப் பயனில்லை. கொல்லர் பட்டறைக்கே செல்ல வேண்டும்.

பிடிக்குக் கருவேலம், புளி ஆகிய மரங்களின் வைரம் ஏற்றது. கணு இன்றி, நார் நேராக ஓட வேண்டும். பச்சை மரத்தில் செய்த பிடி சில மாதங்களில் சுருங்கித் தளர்ந்துவிடும். ஆதலால் நிழலில் ஆறு மாதமேனும் உலர்த்திய துண்டையே எடுத்துக்கொள்க.

வாலைக் காய்ச்சித் துளையைச் சுடுவதாயின், முதலில் சிறு துளை இட்டு, அலகை ஈரச்சாக்கில் சுற்றிக்கொண்டு, வாலின் நுனிப்பகுதியை மட்டும் காய்ச்சுக. சுட்ட துளையின் கரிப்படிவம் நாளடைவில் உதிரும். அதனைச் சுரண்டிவிட்டு, செங்கற்பொடி கலந்து உருக்கிய அரக்கை ஊற்றி, வாலைச் சற்றே சூடாக்கிச் செருக வேண்டும். அரக்கு வெப்பத்தில் இளகுவது. அவ்வரிவாளை அடுப்பங்கரையில் வைக்கலாகாது. இன்று கடைகளில் கிடைக்கும் எப்பாக்ஸி பசை அரக்கிலும் வலியது. ஒரு நாள் முழுதும் அசையாமல் விட வேண்டும்.

பசை எதுவாயினும் அதனை மட்டும் நம்பற்க. வால் போதிய அகலம் உள்ளதாயின், பிடியையும் வாலையும் ஊடுருவத் துளையிட்டு, ஒரு குறுக்காணி செலுத்தி, இருபுறமும் மெல்லத் தட்டித் தறைந்துவிடுக. மரம் சுருங்கினாலும் பசை விட்டாலும் அலகு பறக்காமல் காப்பது அவ்வாணியே. கூலி பாராமல் செய்துகொள்ளத்தக்க வேலை இது.

பிடியின் கனம் 3 முதல் 4 சென்டிமீட்டர் வரை இருக்கலாம். மெலிந்த பிடியை இறுக்கிப் பிடிப்பதால் விரல்கள் சோர்கின்றன; மறுநாள் தறியில் அமரும் கைக்கு இது சிறு விஷயமன்று. உருண்டையாக இழைக்காமல் முட்டை வடிவில் இழைத்தால், வாய் எத்திசையில் உள்ளதென்று கண் பாராமலே கை அறியும். கடைசியில் ஒரு குமிழ் விட்டால் வியர்வையிலும் நழுவாது.

வார்னிஷ் வழுக்கும். தேங்காய் எண்ணெய் உலராமல் பிசுக்காகவே நிற்கும். ஆளிவிதை எண்ணெயை மெல்லத் தடவி உலரவிடுவதே நன்று. ஆனால் அவ்வெண்ணெய் தோய்ந்த துணியையோ பஞ்சுக் கழிவையோ சுருட்டிக் குவித்து வைத்தால் தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். நூலும் பாவும் உள்ள வீட்டில் இதனைப் பெரிதும் கவனிக்க வேண்டும். துணியை விரித்து வெளியில் உலர்த்துக, அல்லது நீரில் நனைத்துப் புதைத்துவிடுக.

வேலை முடிந்ததும், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் ஒரு கட்டையின்மேல் பத்துப் பன்னிரண்டு முறை ஓங்கி வெட்டிப் பார்க்கலாம். பின் பூணருகே விரலை வைத்து அலகை அசைத்தால் சிறு அதிர்வுகூடத் தெரியலாகாது. தெரிந்தால் பிடியைப் பிளந்து மறுபடி தொடங்குக.