மின்பொருள் மென்படலங்களில் திரிபும் நிலைமின்னியலும்

லெட் டைட்டனேட் போன்ற சில படிகங்களில் வெளி மின்புலம் இல்லாதபோதும் மின்முனைவு நிலைத்திருக்கிறது. மின்புலத்தால் அதன் திசையை மாற்றவும் இயலும். இவை ஃபெர்ரோ மின்பொருள்கள் எனப்படும். மின்சாரம் நின்றபின்னும் பதிவை இழக்காத நினைவகங்களில் இவ்வகைப் பொருள்களின் மென்படலங்கள் பயன்படுகின்றன. எனினும் படலம் முழுவதும் ஒரே திசையில் முனைவுற்றிருப்பது அரிது. வெவ்வேறு திசையில் முனைவுற்ற சிறு பகுதிகளாக, அதாவது டொமைன்களாக, அது பிரிந்து நிற்கிறது. பதிவு எளிதில் மாறுமா, நிலைக்குமா என்பது பெரிதும் இப்பிரிவினையைப் பொறுத்ததாகும்.

பிரிவினையை வகுக்கும் காரணிகளுள் ஒன்று திரிபு. அறை வெப்பநிலையில் லெட் டைட்டனேட்டின் அலகுக்கூடு ஒரு பக்கம் ஏறத்தாழ 4.15 ஆங்ஸ்ட்ராம், ஏனைய இரு பக்கங்கள் 3.90 ஆங்ஸ்ட்ராம் அளவுடையது. முனைவு நீண்ட பக்கத்தை ஒட்டியே அமையும். 3.905 ஆங்ஸ்ட்ராம் அளவுள்ள ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்டை அடித்தளமாகக் கொண்டால், குறுகிய பக்கங்கள் அதனோடு பொருந்த, முனைவு செங்குத்தாக நிற்கும். அகன்ற அணிக்கோவையுடைய ஸ்காண்டேட் அடித்தளத்தில் படலம் இழுபடுகிறது. சில பகுதிகளில் முனைவு தளத்தோடு படுத்துவிடுகிறது. அப்போது ஏறத்தாழச் செங்கோணத்தில் சந்திக்கும் டொமைன்கள் தோன்றுகின்றன.

மற்றொன்று நிலைமின்னியல். முனைவு செங்குத்தாயின் படலத்தின் இரு பரப்புகளிலும் எதிரெதிர் மின்னூட்டங்கள் தோன்றி, முனைவையே அழிக்க முயலும் மின்புலத்தை உண்டாக்கும். மின்வாய்கள் அம்மின்னூட்டத்தைச் சரிக்கட்டாவிடில், மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் மாறிமாறி முனைவுற்ற பட்டைகள் உருவாகின்றன. பொருளாதாரம் பயின்றோருக்கு இது பழகிய கணக்கே. பட்டை அகன்றால் மின்புலத்திற்கான ஆற்றல் கூடும். குறுகினால் பட்டைகளுக்கிடையே சுவர்கள் பெருகி, அவற்றிற்கான ஆற்றல் கூடும். முன்னது அகலத்திற்கும், பின்னது தடிமனை அகலத்தால் வகுத்த ஈவிற்கும் நேர்விகிதத்தில் உள்ளது. இரண்டின் கூட்டுத்தொகை மிகக் குறைவாகும் அகலம் தடிமனின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதமாகும். படலம் ஒன்பது மடங்கு தடித்தால் பட்டை மூன்று மடங்கே அகலும். காந்தப் படலங்களுக்குக் கிட்டல் 1946-இல் கண்ட விதியும் இதுவே.

மிக மெல்லிய படலம் முனைவை இழந்துவிடும் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால் 2004-இல் வெளியான எக்ஸ்-கதிர் ஆய்வில், மூன்று அலகுக்கூடு தடிமனே உள்ள லெட் டைட்டனேட் படலமும், அதாவது 1.2 நானோமீட்டர் படலமும், அறை வெப்பநிலையில் ஃபெர்ரோ மின்பொருளாகவே இருப்பது தெரிய வந்தது. அதே ஆண்டில், ஸ்காண்டேட் அடித்தளத்தில் இறுக்கப்பட்ட பேரியம் டைட்டனேட், தனிப்படிகத்தைவிட ஏறத்தாழ 500 டிகிரி செல்சியஸ் கூடுதலான வெப்பநிலை வரை முனைவைத் தாங்குவதும் காட்டப்பட்டது. அப்பொருளில் ஈயம் இல்லை என்பது கருதத்தக்கது.

ஆகவே ஆய்வுத் திட்டமொன்றைப் பரிசீலிக்கும் அலுவலர் படலப் பொருளின் பெயரை மட்டும் கேட்டால் போதாது. அடித்தளம் எது, மின்வாய் எது, தடிமன் எவ்வளவு என்பவற்றையும் கேட்டறிதல் வேண்டும்.