மேசை வந்துவிட்டது, வேலை வரவில்லை

எங்கள் தெருப் பெண் ஒருத்தி சோழிங்கநல்லூரில் ஏஜென்சி மூலமாக ஐடி கான்ட்ராக்ட் வேலைக்குச் சேர்ந்து ஒன்பது நாள் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாள். "பெரியப்பா, காலையில 9 மணிக்குப் போய் உட்கார்றேன், சாயங்காலம் 6 மணிக்கு எழுந்து வர்றேன். நடுவுல யாரும் ஒரு வேலையும் சொல்றதில்லை. என்னை அனுப்பிடுவாங்களா?" கேட்கும்போதே கண் கலங்கிவிட்டது. 1998இல் நானும் இப்படி உட்கார்ந்திருந்தவன்தான். அவளுக்குச் சொன்னதை, அவளைப் போலப் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக எழுதி வைக்கிறேன்.

1. சும்மா உட்கார்ந்திருப்பது உன் குற்றம் இல்லை. க்ளையன்ட் கம்பெனியில் ஆள் எடுக்க அனுமதி ஒரு பக்கம் வரும், அந்த ஆளுக்கான வேலை வேறொரு பக்கம் தயாராகும். ஒதுக்கிய பணம் நிதியாண்டோடு போய்விடுமே என்று முன்கூட்டியே ஆள் எடுக்கும் மேனேஜர்கள் உண்டு. நீ சேர்ந்த பிறகு லேப்டாப், நெட்வொர்க் ஐடி, விபிஎன், கோட் ரெபாசிட்டரி என்று ஒவ்வொன்றுக்கும் தனி டிக்கெட் போகும். ஒவ்வொன்றுக்கும் ஒப்புதல் தருபவர் வேறு. அதில் ஒருவர் லீவில் போனாலும் அவருக்குப் பின்னால் இருப்பதெல்லாம் நின்றுவிடும். வங்கி, இன்ஷூரன்ஸ் வேலை என்றால் பின்னணிச் சரிபார்ப்பு முடியும்வரை டேட்டா பக்கமே விடமாட்டார்கள்.

2. அந்த டிக்கெட் எண்களை ஒரு நோட்டில் எழுது. எந்த எண், எதற்காக, யாரிடம் நிற்கிறது, எத்தனை நாளாக. "ஆக்சஸ் வந்துச்சா சார்?" என்று தினமும் கேட்டால் "வரும்" என்பதுதான் பதில். "விபிஎன் டிக்கெட் மூணு நாளா இன்னார்கிட்ட நிக்குது, நானே அவர்கிட்ட பேசட்டுமா?" என்று கேட்டுப் பார். பெரும்பாலும் அன்றைக்கே நகரும்.

3. மூன்றாம் நாள் வாயால் சொல், ஐந்தாம் நாள் மெயிலில் எழுது. க்ளையன்ட் பக்கத்து லீடுக்கு ஒன்று, உன்னை அனுப்பிய ஏஜென்சிக்கு ஒன்று. புலம்பல் வேண்டாம். "இந்த வாரம் இவற்றைப் படித்தேன், இந்த இரண்டு ஆக்சஸ் வரவேண்டும், அதுவரை டெஸ்டிங்கில் உதவத் தயார்" என்ற மூன்று வரி போதும். பின்னாளில் "ஒரு மாதம் இவர் என்ன செய்தார்?" என்று யாராவது கேட்டால் உனக்காகப் பேசப்போவது அந்த மெயில்தான்.

4. டைம்ஷீட்டில் பொய் எழுதாதே. 8 மணி நேரம் ப்ரோக்ராம் எழுதியதாகப் போடும்படி யாராவது சொன்னாலும் போடாதே. புதியவர்களுக்கென்று பயிற்சி, அறிமுகம் என்ற கணக்குத் தலைப்பு பல இடங்களில் இருக்கும், கேட்டு வாங்கு. ஒப்புதலான டைம்ஷீட்டை வைத்துத்தான் ஏஜென்சி க்ளையன்டுக்குப் பில் போடுகிறது. அந்தத் தாளில் இருப்பது உன் கையெழுத்து.

5. அடுத்தவர் லாகினில் உட்காராதே. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இது அன்பின் பெயரால் வரும். பக்கத்து சீட்டு அண்ணன், "பாவம், சும்மா இருக்கே, என் ஐடியில பண்ணிக்கோ" என்பார். நல்ல மனதோடுதான் சொல்வார். ஆனால் அந்த ஐடியில் நடப்பதெல்லாம் அவர் பெயரில் பதிவாகும். ஏதாவது ஒரு டேபிள் அழிந்தால் அவர் வேலை போகும், தணிக்கையில் தெரிந்தால் இரண்டு பேர் வேலையும் போகும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இப்படி ஒரு பையன் இரண்டாவது வாரத்திலேயே வெளியே போனான். கெட்டிக்காரப் பையன். இன்றும் நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. "வேண்டாம் அண்ணா, நீங்க பண்ணுங்க, நான் பக்கத்துல உட்கார்ந்து பாக்கறேன்" என்று சொல். பார்ப்பதிலேயே பாதி வேலை கற்றுக்கொள்ளலாம்.

6. கையில் கிடைப்பதைப் படி. 1998இல் என்னை எடுத்தது ஒய்2கே வேலைக்கு. பழைய கோபால் (COBOL) ப்ரோக்ராம்களில் வருடத்தை இரண்டு இலக்கத்தில் வைத்திருந்தார்கள். 2000 பிறந்தால் 00 என்பதை 1900 என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும், அதைத் திருத்த வேண்டும். மூன்று வாரம் எனக்கு டெர்மினலே கிடைக்கவில்லை. அறை மூலையில் ப்ரோக்ராம்களின் பிரிண்ட் அவுட் அடுக்கி வைத்திருந்தார்கள், இரண்டு ஓரமும் துளை போட்ட நீளத் தாள். வேறு வழியில்லாமல் அதை எடுத்துப் பென்சிலோடு படித்தேன். வட்டி கணக்கிடும் ஒரு பகுதியில், 100ஆல் வகுபடும் வருடம் லீப் வருடம் இல்லை என்று எழுதியிருந்தது. 400ஆல் வகுபட்டால் லீப் வருடம் என்ற விதிவிலக்கை எழுதியவர் விட்டுவிட்டார். 2000 பிப்ரவரி 29 என்ற நாளே அந்த ப்ரோக்ராமுக்கு இருந்திருக்காது. பக்க எண்ணோடு ஒரு சீட்டில் எழுதி லீடிடம் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் அவர் என் பெயரைக் கேட்டார்.

இன்று உனக்குத் தாள் கிடைக்காது. சரிசெய்து மூடிய கோளாறு டிக்கெட்டுகள், பழைய டெஸ்ட் கேஸ்கள், டிசைன் டாக்குமென்ட் ஏதாவது ஒன்றைப் பார்க்க அனுமதி கிடைக்கும். மூடிய டிக்கெட்டுகளைத்தான் முதலில் படி. டிசைன் டாக்குமென்டில் ஆசைப்பட்டது இருக்கும், டிக்கெட்டில் நடந்தது இருக்கும். எந்த இடம் அடிக்கடி உடைகிறது என்று பத்து நாளில் தெரிந்துவிடும். தகவல் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று ஒரு படம் போட்டு, தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, சீனியர் ஒருவரிடம் காட்டு. தப்பைத் திருத்த எல்லாரும் நேரம் ஒதுக்குவார்கள்.

7. க்ளையன்ட் கோடை உன் ஜிமெயிலுக்கு அனுப்பாதே, செல்போனில் சாட்ஜிபிடியில் போட்டு விளக்கம் கேட்காதே. வீட்டில் படிக்கலாமே என்ற ஆர்வத்தில்தான் செய்வாய், ஆனாலும் அது அவர்கள் சொத்து.

8. நேரம் கிடக்கிறதே என்று இரண்டாவது வேலை பிடிக்காதே. 2022 செப்டம்பரில் விப்ரோ, போட்டி நிறுவனங்களுக்கும் சேர்த்து வேலை செய்த 300 பேரை நீக்கியதாக அதன் தலைவர் ரிஷத் பிரேம்ஜியே சொன்னார். பிஎஃப்க்கு உனக்கு இருப்பது ஒரே யுஏஎன் எண். இரண்டு கம்பெனி ஒரே மாதத்தில் பணம் கட்டினால் பாஸ்புக்கில் அப்படியே தெரியும்.

9. அந்தப் பாஸ்புக்கை நீயும் பார். உன் பங்கும் ஏஜென்சியின் பங்கும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். சம்பளமாக இல்லாமல் தொழில்முறைக் கட்டணமாகத் தருகிறார்கள் என்றால் பிஎஃப் இருக்காது, வரி பிடித்துக்கொண்டு தருவார்கள். பிடித்த தொகை உன் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா பார். பில்லிங் தொடங்காத நாளுக்குச் சம்பளம் உண்டா இல்லையா என்று ஒப்பந்தத்தில் தேடு. இல்லையென்றால் ஏஜென்சியிடம் எழுத்தில் கேள். கேட்க வெட்கப்படாதே, உன் வீட்டு வாடகை அதில் இருக்கிறது.

10. ஒரு மாதம் தாண்டியும் ஒன்றும் வரவில்லை என்றால், லீடிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்கி நேராகக் கேள்: "இந்த ப்ராஜெக்ட் நடக்குமா சார்?" சில சமயம் நின்றுபோயிருக்கும், உன்னிடம் சொல்ல யாருக்கும் தோன்றியிருக்காது. நோட்டீஸ் காலம் எத்தனை நாள் என்று அதற்கு முன்பே பார்த்து வைத்துக்கொள்.

11. எந்த டிக்கெட் யாரிடம் போகும், எந்த ஃபார்ம் முதலில், எது வந்தால் எது வரும் என்று நீ தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்ததை வரிசையாக எழுதி லீடிடம் கொடு. எழுதி வைக்க அங்கே யாருக்கும் நேரம் இருந்திருக்காது, உனக்கு இருக்கிறது. எங்கள் தெருப் பெண் நேற்று இரவு வரை 4 பக்கம் எழுதியிருக்கிறாள். அடுத்த மாதம் அவள் குழுவில் இன்னும் இரண்டு பேர் சேர்கிறார்களாம்.