வெளுத்த கடல் அனிமோன் வைத்திருக்கும் தம்பிக்கு

தாமல் ஏரியில் கெண்டையும் விராலும் பார்த்து வளர்ந்தவன் நான். கடல் தொட்டி வைத்தது ஐம்பது வயதுக்கு மேல். பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், தம்பி.

1. உன் அனிமோன் சாகவில்லை, பட்டினி கிடக்கிறது. அனிமோனின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெளிச்சத்தை வைத்து அது ஆக்கிப் போடும் சர்க்கரைதான் அனிமோனுக்குப் பெரும்பாதிச் சாப்பாடு. தண்ணீர் சூடானாலோ, வெளிச்சம் இல்லாமல் நாள்கணக்கில் கிடந்தாலோ பாசி போய்விடும், நிறமும் போய்விடும். 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவில் கடல் சூடாகிப் பவளங்கள் வெளுத்ததும் இதே கதைதான்.

2. கடையில் பால் வெள்ளையைப் பார்த்து மயங்காதே. பளீர் மஞ்சளும் ரோஸும் பெரும்பாலும் சாயம். நான் ஆசையாய் வாங்கிய மஞ்சள் அனிமோன் மூன்றே வாரத்தில் வெள்ளைத் துணியானது. டிக்காஷன் நிறத்தில் மங்கலாக இருப்பதுதான் பெரும்பாலும் ஆரோக்கியமானது.

3. அடுத்த முறை வாங்கும்போது பாதம் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறதா, வாய் மூடியிருக்கிறதா என்று பார். பாதம் கிழிந்ததை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

4. உப்பு மானியில் 1.025 காட்டட்டும். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு ஆகாது. அதனால் தினமும் ஆவியாகிக் குறைந்த அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் ஊற்று. போர் தண்ணீர் வேண்டாம். சூடு 25-லிருந்து 27 டிகிரிக்குள் நிற்கட்டும். அக்னி நட்சத்திரத்தில் நம் வீட்டு அறையே அதைத் தாண்டிவிடும். சில்லர் வாங்க முடியாவிட்டால் தண்ணீர்மேல் ஃபேன் காற்று படும்படி வை. ஓரிரண்டு டிகிரி இறங்கும். மீனுக்குச் சொறி என்று தாமிர மருந்தை மட்டும் ஊற்றிவிடாதே. அனிமோனுக்கு அது விஷம்.

5. வெளிச்சத்தைக் குறைவாகத் தொடங்கி, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு.

6. தீனியில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். நாள்கணக்கில் பட்டினி கிடந்தவனுக்கு முதலில் கஞ்சிதானே கொடுப்போம்? பச்சை இறாலை உரித்து உளுந்து அளவுக்கு நறுக்கு. பம்பை நிறுத்து. நீள இடுக்கியால் ஒரே ஒரு துண்டை அனிமோனின் வாய்க்குப் பக்கத்தில், விரல் போன்ற உணர்கொம்புகளின்மேல் வை. வெளுத்ததற்குப் பிடிமானம் இருக்காது, துண்டு வழுக்கி விழும்; மறுபடி வை. தொட்டியில் இருக்கும் இறால் வந்து பிடுங்கும். அடியை வெட்டிய தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து மூடிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. இருபது நிமிடம் பொறு. துப்பிவிட்டால் துண்டு பெரிது என்று அர்த்தம். வாரத்துக்கு இரண்டு தடவை போதும்.

7. துணைக்கு என்று கோமாளி மீனை விடாதே. சும்மாவே துவண்டு கிடப்பதில் அது புரண்டு புரண்டு உரசும். மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் தொட்டியிலேயே குஞ்சு பொரித்து வளர்த்த மீன்கள் அனிமோன் இல்லாமலே நன்றாக இருக்கும்.

8. இடம் பிடிக்காவிட்டால் அதுவே நகரும். நீ பிடுங்கி வைக்காதே. பம்ப் வாயில் வலை கட்டு, போதும். ஆனால் வாய் பிளந்து, சதை கரைந்து, நாற்றம் வந்தால் அன்றே எடுத்துவிடு. ராத்திரி கடத்தினால் அமோனியா ஏறி மொத்தத் தொட்டியும் போகும்.

9. ஞாயிறுதோறும் ஒரே விளக்கில் ஒரு போட்டோ எடு. தினம் பார்க்கிற கண்ணுக்கு மாற்றம் தெரியாது. மூன்று மாதம் ஆகியும் ஒன்றும் ஆகவில்லை என்று நான் அலுத்துக்கொண்டபோது, பேத்திதான் பழைய போட்டோவைப் பக்கத்தில் பிடித்து, “தாத்தா, இதுல பால், அதுல டீ” என்றாள்.