கடலுக்கடியில் ஒரு நிலம்

நம் பல்கலைக் கழகத்து ராஜாபாய் கோபுரத்துக்கும் நூலகத்துக்குமாகப் பிரேம்சந்த் ராய்சந்த் என்ற பருத்தி வணிகர் 1864-ல் நாலு லட்சம் ரூபாய் கொடுத்தார். கோபுரத்துக்கு அவருடைய அன்னையின் பெயர். அந்தக் காலத்துப் பணப் பெருக்கைப் பற்றி நண்பர்களுடன் சிறிது பேச விரும்புகிறேன். விடுதியில் கைப்பேசியிலேயே பங்கு வாங்கும் அன்பர்கள் பெருகிவிட்டார்கள். "எது ஏறும்?" என்று கேட்கிறார்களே ஒழிய, "அந்தக் கம்பெனி என்ன செய்கிறது?" என்று கேட்பவரைக் காணோம்.

1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அங்கிருந்து பருத்தி வருவது தடைப்படவே, லங்காஷயர் ஆலைகள் பம்பாயை நாடின. பணம் வெள்ளமாக வந்தது. வந்த பணத்துக்குப் போக்கிடம் வேண்டாமா? புதுப்புதுக் கம்பெனிகள் முளைத்தன. அவற்றுள் பேர் பெற்றது, பாக் பே கடலைத் தூர்த்து நிலமாக்க எழுந்த கம்பெனி. 5,000 ரூபாய்ப் பங்கு 50,000 வரை போயிற்று. நிலமோ இன்னும் நீருக்கடியில்!

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 50,000 கொடுத்தவருக்கு நூற்றுக்கு ஐந்தாவது கிடைக்க வேண்டுமானால், ஆண்டுக்கு 2,500 ரூபாய் டிவிடெண்டு வர வேண்டும். பங்கின் முதலோ 5,000 தான். அதாவது, போட்ட முதலில் பாதியைக் கம்பெனி ஆண்டுதோறும் லாபமாகத் தர வேண்டும். இது வாங்கியவர்களுக்குத் தெரியாததல்ல என்பதே என் எண்ணம். பம்பாய் வணிகர்களா கணக்கறியாதவர்கள்! நாளைக்கு 55,000 கொடுக்க இன்னொருவர் வருவார் என்று வாங்கினார்கள்.

இதற்குத் துணை நின்றது கடன். பம்பாய் பாங்கு பங்குகளையே ஈடாகப் பெற்றுக் கடன் கொடுத்தது. அந்தக் கடனில் மேலும் பங்கு. ஏறிய விலையைக் காட்டி மேலும் கடன். வாயிதா பேரங்களும் மும்முரமாக நடந்தன. இன்று விலை பேசுவது, பின்னொரு தேதியில் பணம் கொடுப்பது. பலவற்றுக்கு 1865 ஜூலை 1 தான் கெடு. அதற்குள் போர் முடிந்து பருத்தி விலை விழுந்துவிட்டது. கெடு நாளில் கொடுக்க வழியின்றிப் பலர் நொடித்தனர். பாக் பே பங்கு 2,000-க்கும் கீழே போயிற்று. 2,850-க்கு விற்ற பம்பாய் பாங்கின் பங்கு 87-க்கு வந்தது. அந்தப் பாங்கே 1868-ல் கலைக்கப்பட்டது. பிரேம்சந்தும் தப்பவில்லை.

பழங்கதை என்பீர்களோ? 1992-ல் ஹர்ஷத் மேத்தாவின் கொள்முதலால் ஏ.ஸி.ஸி. சிமெண்டுக் கம்பெனியின் பங்கு சில நூறு ரூபாயிலிருந்து 9,000-த்துக்கு மேல் சென்றது. இப்படியொரு ஆலையைப் புதிதாகக் கட்ட எவ்வளவு ஆகும் என்று பாருங்கள் என்பது அவருடைய வாதம். சிமெண்டு விற்று என்ன மிஞ்சுகிறது என்பதற்கு அதில் இடமில்லை. வாங்கிய பணமோ பாங்குகளுடையது. அந்த ஏப்ரலில் அது வெளியாயிற்று.