ஊர் திரும்பும் பயணமும் சீனி வருத்தமும்

தமிழகத்திலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் குடும்பங்களில் சீனி வருத்தம் (நீரிழிவு) உள்ளவர்களும் இருக்கிறீர்கள். சென்னையிலிருந்து கட்டுநாயக்காவுக்கு விமானத்தில் ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலம்தான். ஆனால் கொழும்பிலிருந்து மட்டக்களப்பு 300 கிலோமீற்றருக்கு மேல். பஸ்ஸில் 7, 8 மணித்தியாலம் செல்லும். காத்திருக்கும் நேரமும் சேர்ந்தால் ஒரு முழு நாள். சாப்பாடு பிந்தும் இந்த நாளில்தான் கவனம் தேவை.

புறப்படுமுன்

- நோய், மருந்துகளின் பெயர், அளவு என்பவற்றை எழுதிய கடிதம் ஒன்றை வைத்தியரிடம் வாங்குங்கள். ஊசி கொண்டு செல்வதையும் அதில் எழுதச் சொல்லுங்கள். விமான நிலையச் சோதனையில் அதைக் காட்டலாம்.
- குறைந்தது ஒரு மாதத்துக்கான மருந்தை எடுங்கள்.
- இன்சுலினையும் குளிசைகளையும் கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டியில் போட்டால் அது பிந்தி வரலாம்; இன்சுலின் உறையவும் கூடும். உறைந்த இன்சுலின் பயன்படாது.
- இந்தியாவிலும் இலங்கையிலும் மணிக்கூடு ஒரே நேரம்தான் காட்டும். எனவே மருந்து நேரத்தை மாற்ற வேண்டாம்.

குப்பியில் 40-ஆ, 100-ஆ?

இதை வீட்டில் எல்லோரும் வாசியுங்கள். இந்தியாவில் பலருக்குக் கிடைக்கும் இன்சுலின் குப்பியில் ஒரு மில்லிலீற்றருக்கு 40 அலகு இருக்கும். இங்கு கிளினிக்கில் தரும் குப்பி 100 அலகாக இருக்கலாம். 40-க்குரிய சிரிஞ்சில் (சிவப்பு மூடி) 100 அலகு மருந்தை எடுத்தால் இரண்டரை மடங்கு ஏறிவிடும். 20 அலகு போடும் அம்மம்மாவின் உடலில் 50 அலகு போகும். இது உயிரைப் பறிக்கலாம்.

40 குப்பிக்கு 40 சிரிஞ்ச். 100 குப்பிக்கு 100 சிரிஞ்ச் (செம்மஞ்சள் மூடி). இரண்டையும் ஒரே பையில் வைக்க வேண்டாம். பழைய குப்பியையும் சிரிஞ்சையும் கிளினிக் தாதியிடம் காட்டுங்கள்.

வழியில் சீனி குறைந்தால்

வியர்வை, நடுக்கம், கடும் பசி, தடுமாறிய பேச்சு ஆகியன அறிகுறிகள். உடனே மூன்று, நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மீண்டும் கொடுங்கள். தெளிந்ததும் பிஸ்கற் அல்லது சோறு சாப்பிட வேண்டும். நினைவில்லாதவரின் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். 1990 இலவச அம்புலன்சை அழையுங்கள்.

வாவிக்கு அப்பால் படுவான்கரைக்குப் போவோர் பாதைக்காகக் காத்திருக்க நேரலாம். சீனியும் சாப்பாட்டுப் பொதியும் கையில் இருக்கட்டும். சாப்பாடு உறுதியாகக் கிடைக்கும் வரை சாப்பாட்டுக்கு முன் போடும் ஊசியைப் போடாதீர்கள்.

ஊர் வந்தபின்

- மருந்து முடியும் வரை காத்திராமல், முதல் வாரத்திலேயே அருகிலுள்ள அரச வைத்தியசாலையில் பதிந்து கிளினிக் கொப்பி எடுங்கள். சிகிச்சை இலவசம்.
- குளிர்சாதனப் பெட்டி இல்லையா? பெரிய மண்சட்டியில் ஈர மணல் இட்டு, அதனுள் சிறிய சட்டியை வைத்து, பொலித்தீனில் சுற்றிய குப்பியை அதில் வையுங்கள். சட்டி நிழலில் இருக்கட்டும்.
- வளவு துப்புரவாக்கும்போது செருப்பு அணியுங்கள். இரவில் பாதங்களைப் பாருங்கள். நோகாத காயமும் புண்ணாகும்.

மீட்டிப் பாருங்கள்

1. உங்கள் குப்பியில் எழுதியிருப்பது 40-ஆ, 100-ஆ?
2. சீனி குறைந்தால் என்ன கொடுப்பது என்று உங்களுடன் பயணம் செய்பவருக்குத் தெரியுமா?
3. உங்கள் வீட்டுக்குக் கிட்டிய கிளினிக் எது? அது எந்த நாளில் நடக்கும்?